மூன்று கேன் நல்ல தண்ணீர்

செத்த மீன்கள் பதினொன்று என்றுதான் என் நினைவில் இருக்கிறது. யுவராணியிடம் கேட்டால் பதின்மூன்று என்பாள். தன் கையால் எண்ணிப் புதைத்தவள் அவள், அவள் சொல்வதே சரியாக இருக்கும். எந்த மாதம் என்பதும் எனக்குத் தெளிவாக இல்லை. ஆடிக் காற்று மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தது என்று ஒரு சமயம் தோன்றுகிறது. பள்ளிக்கூடம் திறந்து புது நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த நாட்கள் என்று இன்னொரு சமயம் தோன்றுகிறது. நடந்ததில் பாதியை வீரலட்சுமியே சொல்லிக் கேட்டேன். சொல்லும்போது நடுநடுவே வெகுநேரம் பேசாமல் இருப்பாள். அந்த இடைவெளிகளை நானாக எதையாவது போட்டு நிரப்பிவிட்டேனோ என்ற சந்தேகம் இன்றும் உண்டு. தண்ணீர் மூன்று கேன் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

வீரலட்சுமி நான்கு வருஷம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்துவிட்டு உச்சிப்புளிக்குத் திரும்பி வந்தவள். போகும்போது மகள் யுவராணிக்கு ஆறு வயது. இரண்டு வருஷம் என்றுதான் பேச்சு. இடையில் கொரோனா வந்து விமானம் நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியபோது, ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமோ என்னவோ என்ற பயத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டாள். அதற்குள் வீட்டின் ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

கணவன் காளிதாஸ் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். புதுமடம் கரையிலிருந்து மீன் பெட்டிகளை ஏற்றி ராமநாதபுரம் சந்தையில் இறக்குவது தொழில். விடிவதற்கு முன் கிளம்பினால் மதியம் தாண்டித்தான் வருவான். அதனால் யுவராணி வளர்ந்ததெல்லாம் பக்கத்து வீட்டில். அது காளிதாஸின் தம்பி சேதுபதியின் வீடு, இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சேதுபதி வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். அவன் மனைவி நாகஜோதி வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

வந்த அன்றைக்கே வீரலட்சுமி பெட்டியைத் திறந்து மகளுக்கு வாங்கி வந்த கவுனை எடுத்தாள். வெள்ளையில் சின்னச் சின்ன ஊதாப் பூ. யுவராணி ஆசையாகத்தான் போட்டுப் பார்த்தாள். முதுகில் ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை.

"பரவால்லம்மா. சித்தி பிரிச்சுத் தச்சுரும்" என்றாள்.

அம்மாவைத் தேற்றத்தான் சொன்னாள். நாகஜோதி பக்கத்திலேயே நின்றிருந்தாள். தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள துணி நெறைய விட்டிருக்காக்கா. ரெண்டு இஞ்சு தாராளமா எறக்கலாம்" என்றாள்.

வீரலட்சுமி கவுனை வாங்கி மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. பிள்ளை கத்தரிக்காய் தொடமாட்டாள் என்பது தனக்குத் தெரியவில்லை, நாகஜோதிக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பக்கம் வகிடு எடுத்தால் முடி நிற்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏதாவது கேட்டால் பிள்ளை முதலில் சித்தி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். எல்லாவற்றையும்விட ஒன்று. சித்தியை யுவராணி 'நீ வா, போ' என்றுதான் பேசினாள். அம்மாவை 'நீங்க' என்றாள். நாகஜோதியே அப்படிப் பழக்கியிருந்தாள், போனில் அம்மாவிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று. அந்த மரியாதை வீரலட்சுமிக்கு முள்ளாகக் குத்தியது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அலுப்பு என்றாள். குவைத்து ஏசியில் இருந்துவிட்டு இந்த வெக்கை ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

நாகஜோதியின் தையல் மெஷினை ஒட்டி ஒரு மேசை, அதன்மேல் இரண்டடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி. குவைத்திலிருந்து வீடியோவில் பேசிய நாட்களில் மகளுக்குப் பின்னால் எப்போதும் அந்தத் தொட்டிதான் தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் கண் பின்பக்கம் போய்விடும். "அம்மா ஒரு நிமிசம், குட்டி வெளிய வந்திருச்சு" என்று திரும்பிக்கொள்வாள். வீரலட்சுமி பின்னலைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பாள்.

தொட்டியில் இருந்தவை கறுப்பு மோலி. கரிக்கட்டையில் வாலும் செதிலும் வைத்த மாதிரி இருக்கும். ராமநாதபுரத்துக் கடைக்காரர், உச்சிப்புளி போர் தண்ணிக்கு வேற மீன் நிக்காது, மோலிதான் நிக்கும் என்று சொல்லிக் கொடுத்தது. அந்த ஊரின் போர் தண்ணீர் அப்படி. பாத்திரத்தில் காய்ந்தால் திட்டுத் திட்டாக வெள்ளை பூக்கும், குழாய் வாய் ஆறு மாதத்தில் அடைத்துக்கொள்ளும். தொட்டிக் கண்ணாடியிலும் மேல் ஓரத்தில் சுண்ணாம்பு அடித்தது போலப் படிந்திருந்தது. அதற்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக வெள்ளைக் கோடுகள். தண்ணீர் சுண்டிச் சுண்டி இறங்கிய மட்டமெல்லாம் கோடாக நின்றிருந்தது.

"என்ன ஜோதி, இது தொட்டியா உப்பளமா?" என்றாள் வீரலட்சுமி. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"போர் தண்ணிக்கா. என்ன தேச்சாலும் மறுமாசம் வந்து நிக்கும். விட்டுட்டேன்."

"விட்டா வராம என்ன செய்யும். அங்க நான் தொடச்ச தொட்டி இந்தச் சுவரு அகலம். கண்ணாடி இருக்கதே தெரியாது. அந்த வீட்டுப் பய ஒரு தடவ நெத்திய முட்டிக்கிட்டான்."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த சேதுபதி குரல் கொடுத்தான். "மதினி, அங்கன மீனு பன்னீர்ல குளிக்கும். இங்கன மனுசன் குளிச்சாலே தலை செம்பட்டையாப் போகுது. எந்தலையப் பாருங்க."

"ஒங்க தலைக்குத் தண்ணி காரணமில்ல கொழுந்தனாரே" என்றாள் வீரலட்சுமி. எல்லோரும் சிரித்தார்கள்.

யுவராணி மட்டும் சிரிக்கவில்லை. "கோட அழிச்சிராதீங்கம்மா" என்றாள். "ஒவ்வொரு கோட்டுக்கும் கதை இருக்கு. இந்தா, இது சித்தி டெங்கு வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப. யாருமே தண்ணி ஊத்தல. இது நானும் சித்தியும் திருச்செந்தூர் போனப்ப. இது மோலி மொத மொதக் குட்டி போட்டப்ப. குட்டிக்கு ஏதாவது ஆயிரும்னு பயந்துக்கிட்டு ஒரு வாரம் நாங்க தொட்டிப் பக்கமே போகல."

விரல் ஒவ்வொரு கோடாக இறங்கியது. வீரலட்சுமி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நான்கு வருஷமும் அங்கே கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அதில் தன்னுடையது எதுவும் இல்லை.

"நான் அங்கிருந்து பேசுனது எந்தக் கோடு?" என்றாள்.

பிள்ளை நிஜமாகவே யோசித்தாள். "நீங்க தெனம் பேசுவீங்கள்ல. அதுக்குக் கோடு வராதும்மா."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது காளிதாஸிடம், "தொட்டிய நம்ம வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துருவோம்" என்றாள்.

"எதுக்கு? சுவத்துக்கு அங்கிட்டுத்தான இருக்கு. அங்கன இருந்தா என்ன, இங்கன இருந்தா என்ன?"

"என்னன்னு எனக்குத் தெரியும்."

காளிதாஸ் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். நான்கு வருஷம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுப் பழகியவன். வீட்டுக்குள் ஒரு பேச்சு கிளம்பினால் அது தானாக அடங்கும் வரை பேசாமல் இருப்பான்.

நாகஜோதி மறுத்துப் பேசுவாள், அழுவாள், பேச்சு முற்றும் என்றெல்லாம் வீரலட்சுமி மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். நாகஜோதியோ, "தூக்கிட்டுப் போங்கக்கா. பிள்ளைக்குன்னுதான வாங்குனது" என்று சொல்லிவிட்டு, தானே மெஷினைத் தள்ளி வழிவிட்டாள். அவ்வளவு எளிதாகக் கொடுத்தது வீரலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. பறிக்க வந்தவளுக்குத் தானம் கிடைத்தது போல இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுக்கா" என்றாள் நாகஜோதி. "தண்ணிய மொத்தமா மாத்திராதீங்க. வாரத்துக்கு அரை வாளி எடுத்துட்டு அதே போர் தண்ணிய ஊத்துங்க. அதுக அதுலயே பழகிப்போச்சு."

"சரி ஜோதி."

வாய்தான் சரி என்றது. நாலு வருஷம் வாராவாரம் தொட்டி துடைத்தவளுக்கு இவள் பாடம் எடுக்கிறாள் என்று உள்ளே ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை தொட்டி சுவரைத் தாண்டி வந்தது. பிள்ளை வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் மீனுக்குத் தீனி போட ஐந்து நிமிஷம் வருவாள், நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி சித்தி வீட்டுக்குப் போய்விடுவாள். மெஷினுக்குக் கீழே துணி வெட்டுக்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதித்தான் அவளுக்குப் பழக்கம். மூன்று நாள் வீரலட்சுமி பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தமும் இரண்டு பேர் சிரிக்கும் சத்தமும் கேட்கும். இந்தப் பக்கம் தொட்டியின் காற்று மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருக்கும். கோடு விழுந்த அந்தக் கண்ணாடி அவள் வீட்டில் இருந்தாலும் இன்னும் நாகஜோதியின் பொருளாகவே இருந்தது.

புதன்கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் கதவைச் சாத்திவிட்டு வேலையை ஆரம்பித்தாள்.

அந்த வேலை அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குவைத்து வீட்டு அம்மாவுக்குக் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தாலும் ஆகாது. சனிக்கிழமைதோறும் வீரலட்சுமிதான் துடைப்பாள். மோட்டாரின் ப்ளக்கை முதலில் பிடுங்கினாள். மீன்களைப் பழைய தண்ணீரோடு வாளிக்கு மாற்றினாள். தொட்டித் தண்ணீரை இறைத்துக் கொட்டினாள். பழைய பனியனைக் கிழித்து வினிகரில் முக்கி, வெள்ளை படிந்த இடத்திலெல்லாம் ஒட்டி வைத்து அரைமணி நேரம் ஊறவிட்டாள். குளியலறைக்கு ஊற்றுகிற ஆசிட் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது; அதைத் தொடவில்லை. சோப்பையும் தொடவில்லை, அது கண்ணாடியில் தங்கினால் மீனுக்கு ஆகாது என்று தெரியும். துணியை எடுத்ததும் மேலே இருந்த படிவு ஊறிய சுண்ணாம்பு போல நெகிழ்ந்திருந்தது. பிளேடைச் சாய்வாகப் பிடித்து, கண்ணாடிகளை ஒட்டிய பசையில் படாமல், மேலிருந்து கீழாக இழுத்தாள். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. டெங்கு போனது. திருச்செந்தூர் போனது. மோலிக் குட்டிகள் போயின. மூலையில் நின்றதைப் பழைய பல் பிரஷால் எடுத்தாள். பிளேடு ஏறாத இடத்தில் எலுமிச்சை மூடியை வைத்துத் தேய்த்தாள். கை வலித்தது, அந்த வலி நன்றாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசினாள். அடியில் கிடந்த கூழாங்கல்லைக் கழுவினாள். அழுக்கை வடிகட்டும் பஞ்சை வெள்ளை வெளேரென்று ஆகும்வரை பிழிந்தாள்.

வெள்ளை மறுபடி வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தாள். அந்த வீட்டுக்கு மாதம் ஒரு முறை தொட்டியைக் கவனிக்க ஓர் ஆள் வருவான். மலையாளி. சுண்டிப்போவது வெறும் தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும், ஆகவே குறைந்ததை நிரப்பும்போது உப்பில்லாத ஃபில்டர் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். தினம் ஒரு ஜக்கு அவள் ஊற்றுவாள். கண்ணாடி அப்படியே இருக்கும். அது குறைந்ததை நிரப்ப மட்டும்தான் என்பதும், மீன் இருக்கிற தண்ணீரை அவன் அளந்து, சோதித்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினான் என்பதும் அவள் கண்ணில் படவில்லை. அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் இருப்பாள்.

தெருவில் கேன் தண்ணீர் வண்டி வந்தது. வண்டிக்கார வேல்சாமியிடம் மூன்று கேன் இறக்கச் சொன்னாள்.

நல்ல தண்ணீர் என்றால் அந்தப் பக்கத்தில் என்னவென்று சொல்ல வேண்டும். குடிக்கவும் உலைக்கும் மட்டும்தான் அது. குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் போர் தண்ணீர். நல்ல தண்ணீர்ப் பானைக்குத் தனிச் சொம்பு, தனி மூடி. குழந்தை கையை விட்டால் முதுகில் ஒன்று விழும். அந்தத் தண்ணீரில் மூன்று கேனை மீன் நீந்துவதற்கு ஊற்றுகிறோம் என்று நினைத்தபோது வீரலட்சுமிக்கு உடம்பு சிலிர்த்தது. நாகஜோதி இவ்வளவு நாளும் உப்பைத்தானே கொடுத்தாள். நான் கொடுப்பது இது. பிள்ளை பார்க்கட்டும்.

மீன்களை வலையால் அள்ளி உள்ளே விட்டாள்.

நாலரை மணிக்கு யுவராணி பையோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். மீன்கள் அந்தரத்தில் தொங்குவது போலத் தெரிந்தன. ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது, அதில் தெருவில் போகிற ஆட்டோ தெரிந்தது.

"கோடெல்லாம் எங்கம்மா?" என்றாள் மெதுவாக.

"அழுக்குத்தா அது. பாரு, இப்ப எப்படி இருக்கு."

பிள்ளை விரலால் கண்ணாடியைத் தொட்டாள். பிறகு, "இவனுக்கு வால்ல மஞ்சப் புள்ளி இருக்கும்மா. இவ்வளவு நாள் தெரியவே இல்ல" என்றாள். தரையில் உட்கார்ந்தாள். அங்கேயே நோட்டை எடுத்து விரித்தாள். அங்கேயே சாப்பிட்டாள். படுக்கும்போது அம்மாவின் பக்கத்தில் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அன்றைக்கு மெஷின் ஓடவில்லை. அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டே வீரலட்சுமி தூங்கிப்போனாள். ஊருக்கு வந்த பிறகு அவள் நன்றாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.

காலையில் மீன்கள் நீந்தவில்லை. நின்ற இடத்திலேயே, இறகுகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, குளிரில் நடுங்குவது போல நெளிந்துகொண்டிருந்தன. யுவராணி ஒரு நிமிஷம் பார்த்தாள். அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை. செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். சித்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

நாகஜோதி குனிந்து பார்த்தாள். "அக்கா, என்ன தண்ணி ஊத்துனீங்க?"

பிள்ளை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீரை மொத்தமாக மாற்றாதே என்று சொன்ன குரல் வீரலட்சுமியின் காதில் அப்படியே இருந்தது.

"அதே போர் தண்ணிதான்" என்றாள்.

"மொத்தத்தையுமா?"

"பாதிதான்."

"அப்ப என்னமோ சீக்குப் போல" என்றாள் நாகஜோதி. "உப்பு போட்டா தெளியும்னு கடக்காரர் சொல்லியிருக்காரு." அடுப்படிக்குப் போய் ஒரு கை கல்லுப்பை அள்ளி வந்து போட்டாள். உண்மை தெரிந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பாள். போர் தண்ணீரைச் சொம்பு சொம்பாக, நாள் முழுக்க ஊற்றியிருப்பாள். ஒருவேளை பிழைத்திருக்கும்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இரண்டு மிதந்தன. மறுநாள் காலையில் மூன்றைத் தவிர எல்லாம் செத்துக் கிடந்தன. தண்ணீர் தெளிவாக இருந்ததால் எதையும் மறைக்க முடியவில்லை.

யுவராணி அழவில்லை. வாசலுக்கு வந்து நின்ற நாகஜோதியைப் பார்த்து, "நீ போட்ட உப்புத்தான்" என்றாள். "அம்மா நல்லா வச்சிருந்தாங்க. ஒரு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. நீ வந்து போட்ட."

நாகஜோதி தொட்டியை எட்டிப் பார்த்தாள். "இருக்கும்த்தா" என்றாள். "கூடப் போட்டுட்டேன் போல."

வீரலட்சுமி கையில் மக்கோடு நின்றிருந்தாள். பேச வேண்டிய நேரம் அதுதான். நேரம் அவள் முன்னால் வந்து நின்றது, காத்திருந்தது, போய்விட்டது.

அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் கிடைத்தது. பிள்ளை சித்தி வீட்டுப் பக்கம் போகவில்லை. அம்மாவிடம் தலையைக் கொடுத்துப் பின்னிக்கொண்டாள். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் பேச்சுவாக்கில், "அம்மா, நீ அந்தச் சட்டைய எங்க வச்ச?" என்று கேட்டாள். 'நீ' என்று கேட்டாள். வீரலட்சுமி அடுப்படிக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். நான்கு வருஷம் ஏங்கியது அந்த ஓர் எழுத்துக்காக. அது பொய்யின் கூலியாக வந்து சேர்ந்திருந்தது. திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை.

ஒரு நாள் காலை, வேல்சாமி வண்டியை நிறுத்தினான். நாகஜோதி தன் வாசலில் துணி வெட்டுக்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, இன்னைக்கு ஒரு கேன் போதுமா? அன்னைக்கு மாதிரி மூணு எறக்கவா?" என்றான் வேல்சாமி. "வீட்ல விசேசம் போல, நமக்கும் ஒரு எல போடுவாகன்னு மதியம் வரைக்கும் சாப்புடாம இருந்தேன்."

வீரலட்சுமி காலிக் கேனைத் தூக்கி வண்டி ஓரம் வைத்தாள்.

நாகஜோதி துடைப்பத்தை நிறுத்தினாள். "என்னைக்கு வேலு?"

"போன வாரத்துக்கு முந்துன புதன். இவுக கதவச் சாத்திட்டு ஏதோ பெரிய வேலையா இருந்தாக."

நாகஜோதி வீரலட்சுமியைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாத பார்வை. தையல் அளவு எடுக்கும்போது ஆளைப் பார்ப்பாளே, அப்படி. பிறகு மீதியைக் கூட்டி முடித்து, குப்பையை முறத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று முழுக்க வீரலட்சுமி காத்திருந்தாள். இப்போது வருவாள். பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்வாள். காளிதாஸ் வந்ததும் சொல்வாள். தெருவே சிரிக்கும். சாயங்காலம் வந்தது. அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள் யுவராணி சித்தி வீட்டு வாசலைத் தலை திருப்பாமல் கடந்து போனபோது, "ரிப்பன் அவுந்துருச்சு பாரு" என்று மட்டும் உள்ளிருந்து குரல் வந்தது. பிள்ளை நிற்கவில்லை.

வீரலட்சுமி தன் வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சொல் போதும். பிள்ளை இந்த நிமிஷமே நாகஜோதியிடம் ஓடிப்போவாள். அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சும்மா இருக்கிறாள். தொட்டியைக் கொடுத்தது போலவே பிள்ளையையும் கொடுத்துவிட்டாள். தான் பொய் சொல்லிப் பிடித்து வைத்திருப்பதை அவள் வாய் திறக்காமல் தானமாக்கிவிட்டாள். பேசாமல் இருப்பதில்கூட அவள் ஒரு படி மேலே போய்விட்டாள்.

மதியம், யாரும் இல்லாத நேரத்தில் போனாள். நாகஜோதி மெஷினை நிறுத்தவில்லை.

"ஏன் சொல்லல?"

"எதக்கா?"

"தெரியாத மாதிரி பேசாத."

நாகஜோதி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். துணியை மடியில் போட்டுக்கொண்டாள். "சொன்னா பிள்ள ஒங்ககிட்ட இருக்க மாட்டா" என்றாள்.

"அதனால? நீ பெரிய மனுசி ஆயிட்டியா?"

"நல்லவன்னு நெனச்சுக்காதீங்கக்கா." அவள் குரல் ஏறவே இல்லை. "அவள நாந்தான் தூக்கி வளத்தேன். நீங்க ஒரு பெட்டியத் தூக்கிட்டு வந்து எறங்குன அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. நீங்க பொய் சொன்னது எனக்குத் தெரியும்ங்கறது இருக்குல்ல, அது நல்லாத்தான் இருக்கு. அது ஒண்ணு எங்கிட்ட இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

வீரலட்சுமி வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. அது நாகஜோதியிடம் இருக்கக் கூடாது என்று மட்டும்தான் தோன்றியது. பிள்ளையிடம் நல்ல மனசோடு உண்மையைச் சொன்னேன் என்று வீரலட்சுமி என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

சாயங்காலம் யுவராணி தரையில் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வீரலட்சுமி எதிரில் உட்கார்ந்தாள்.

"மீனு செத்தது உப்பால இல்லத்தா. நான் ஊத்துன தண்ணியால. மூணு கேன் நல்ல தண்ணி. சித்தி கேட்டப்ப போர் தண்ணின்னு பொய் சொன்னேன்."

பிள்ளையின் பென்சில் நின்றது. "நல்ல தண்ணி ஊத்துனா ஏன் சாகும்?"

"அதுக உப்புத் தண்ணில பொறந்து வளந்துச்சு. ஒரே நாள்ல மாத்துனா ஒடம்பு தாங்காது."

"ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாது. ஆனா சித்தி சொன்னா. நான் கேக்கல."

'ஒங்களுக்கு' என்றது காதில் விழுந்தது. யுவராணி நோட்டை மூடினாள். பென்சிலையும் ரப்பரையும் டப்பாவுக்குள் வைத்து, பையின் ஜிப்பை இழுத்தாள். ஒவ்வொன்றையும் மெதுவாகச் செய்தாள். எழுந்து போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். சிறிது நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விம்முவது கேட்டது. பிள்ளையா, நாகஜோதியா என்று வீரலட்சுமிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மீதி மூன்று மீன்களும் அந்த வருஷம் மழைக்காலம் வரை இருந்தன. தொட்டியைப் பிறகு சேதுபதியின் பட்டறையில் வேலை பார்த்தவர் ஒருவர் வாங்கிப் போனார். யுவராணி இரண்டு மாதம் அம்மாவோடு பேசவில்லை, பிறகு பேசினாள். இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சாப்பாடு அம்மா வீட்டில், படிப்பும் படுக்கையும் சித்தி வீட்டில். வீரலட்சுமி மறுபடி குவைத்துக்குப் போகவில்லை, கடலோர ஊரான மண்டபத்தில் நண்டுச் சதை எடுக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். காளிதாஸ் அதே லோடு ஆட்டோதான் ஓட்டுகிறான். சேதுபதி பட்டறையைச் சாயல்குடிக்கு மாற்றிக்கொண்டு வாரம் ஒரு முறை வீட்டுக்கு வருகிறான். நாகஜோதி ஜாக்கெட் தைக்கிறாள். ஓரகத்திகள் இருவரும் தேவைக்குப் பேசிக்கொள்கிறார்கள்.